சாவு சொல்லும் டாக்டர்

எங்கள் தெருவில் யாரும் நினைத்த நேரத்தில் செத்துவிட முடியாது. செத்தாலும், செத்ததாகச் சொல்லிவிட முடியாது. எந்தெந்தத் தறியில் முகூர்த்தப் புடவை ஏறியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சாவு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தெரு முழுக்கத் தறி நின்றாக வேண்டும்; பிணம் தெருவைத் தாண்டுகிறவரை ஒருவரும் நூல் ஓட்டும் நாடாவைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் தறியில் இருக்கிற கல்யாணப் புடவைக்குத் தீட்டு. பெண்வீட்டாருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும், வாங்க மாட்டார்கள். அதனால் மூச்சு நின்றவர்கூட, கடைசியில் நெய்கிற முந்தி முடிந்து புடவையை அறுத்து இறக்குகிறவரைக்கும், "இழுத்துக்கினு இருக்குது" என்றுதான் கணக்கு. வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கட்டுகிறவர்களுக்குச் சிரிப்பு வரும், நெய்கிறவர்களுக்கு வராது.

இப்படிப்பட்ட தெருவில் வந்து வீடு வாங்கினார் லெப்டினன்ட் கர்னல் சாமுவேல். பட்டாளத்து டாக்டர். காஷ்மீர், அஸ்ஸாம் என்று பனியிலும் மழையிலும் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்று, சொந்த ஊர் காஞ்சிபுரம்தான் என்று திரும்பி வந்தார். வந்தவர் பேசாமல் புது நகர் எதிலாவது மனை வாங்கியிருக்கலாம். எங்கள் தெரு நடுவில்தான் வேண்டுமாம்.

அவர் பிறந்தது வாலாஜாபாத் ரோட்டுப் பக்கத்துக் காலனியில். அவருடைய அப்பா எங்கள் தெருவுக்குச் சாவு சொல்லப் போனவர். எங்களில் யாராவது போய்விட்டால், புடவையெல்லாம் அறுத்து இறக்கின பிறகு, அவருக்கு ஆள் போகும். தெருமுனையில் நின்று விவரம் கேட்டுக்கொண்டு, வெளியூர்ச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வருவார். தெருவுக்குள் வர மாட்டார்; வர விட மாட்டோம். அவருடைய பிள்ளை டாக்டராகி, கர்னலாகி, தெரு நடுவில் மாடிவீடு வாங்கினால் எங்கள் பெரியவர்களுக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது. ஆனால் அவர் மீசையையும் குரலையும் பார்த்து ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டை விற்ற சிவபாலனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவர் சென்னைக்குப் போய்விட்டதால் அதுவும் அவர் காதில் விழவில்லை.

நான் புவனேஸ்வரி, அடுத்த வீடு. என் வீட்டுக்காரர் ஆனந்தகுமார் தறியில் உட்கார, நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று தெருவில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும்.

டாக்டர் வீட்டு முன்னறையில் கிளினிக் வைத்தார். எங்கள் ஜனத்துக்கு டாக்டர் என்றால் ஊசி போட வேண்டும், கலர் கலராக மாத்திரை கொடுக்க வேண்டும், வாயில் நுழையாத வியாதிப் பெயர் ஒன்று சொல்ல வேண்டும். இவர் நாக்கை நீட்டச் சொல்வார், முதுகில் நாலு தட்டுத் தட்டுவார், "யூ ஆர் ஃபிட், போ" என்பார். கால் மரத்துப் போகிறதென்று என் வீட்டுக்காரர் போனார். அவரைத் தெருவில் இறக்கி, கையை வீசி, "லெஃப்ட், ரைட்" என்று ரங்கசாமி குளம்வரை நடக்க வைத்துவிட்டார் மனுஷன். வாசலுக்கு வாசல் சிரிப்பு. அன்றிலிருந்து அவருக்கு ஃபிட்டு டாக்டர் என்று பெயர். காய்ச்சல், தலைவலி என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஊசி போடுகிறவரிடம் ஓடினோம். அவசரத்துக்கு மட்டும் இவர் கதவைத் தட்டுவோம். தட்டினால் எந்த நேரமானாலும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், அதையும் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் குடிவந்த கொஞ்ச நாளில் டாக்டருடைய அம்மா செல்லியம்மாள் அந்த வீட்டில் இறந்து போனார். தெருவுக்குப் பெரியதனம் குமரகுரு. அவர் தறிகளை நிறுத்தச் சொல்லவில்லை. "அவங்க வேதக்காரங்கபா, சர்ச்சுக்குப் போறவங்க, நமக்கு இன்னா தீட்டு?" என்றார். தெருவும் ஆமாம் போட்டது. சவப்பெட்டி வாசலைத் தாண்டும்போதும் தறிகள் டக்கு டக்கென்று ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் தறியும் ஓடியது. டாக்டர் விறைப்பாக நடந்து போனார். அவர் மனைவி மேரியக்கா மட்டும் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த வருஷம் என் மாமனார் வேலாயுதம் போனார். எங்கள் தறியில் முகூர்த்தப் புடவை. முந்தியில் ஒரு சாண்தான் பாக்கி. நாடி பார்க்க டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் அவர் காதோடு காதாகச் சொன்னார்.

"சார், மூச்சு இருக்குதுன்னு மட்டும் சொல்லிடுங்க. மதியத்துக்குள்ள அறுத்துடுவோம்."

டாக்டர் நிமிர்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலுக்குப் போய் நின்று, பரேடு மைதானத்தில் சொல்வதுபோல, வேலாயுதம் காலமானார் என்று நேரத்தோடு சேர்த்து ஒரு சத்தம் போட்டார். தெருக்கோடிவரை கேட்டது. ஒவ்வொரு தறியாக நின்றது. அந்தப் புடவையைப் பெண்வீட்டார் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அவங்க அம்மாவுக்கு நாம நிறுத்தலல்ல, அதுக்குப் பழி வாங்கிட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். இனி அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தார். சொன்னபடியே மிதிக்கவில்லை.

நான் அப்படி விடுகிற ஆளா? காரியமெல்லாம் முடிந்த கையோடு நேரே கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன்.

"ஏன் சார், மதியம் வரிக்கும் வாய மூடிக்கினு இருந்தா உங்களுக்கு இன்னா கொறஞ்சி போயிடும்?"

"உக்காரும்மா" என்றார். நான் உட்காரவில்லை.

"மலை மேல ஒரு ஜவான் என் கையில செத்தான். 'ஹெலிகாப்டர் வந்தப்புறம்தான் செத்தான்னு சொல்லு, இல்லன்னா லேட்டா அனுப்பினேன்னு என் பேர் கெட்டுப் போயிடும்'னு ஒரு பெரிய ஆபீசர் சொன்னாரு. நான் சொல்லல. அதோட என் ப்ரமோஷன் போச்சு. அந்த ஆபீசருக்கே பொய் சொல்லாதவன், உன் முந்திக்காகச் சொல்வேனா? செத்தவனுக்கு ஒரு டாக்டர் பண்ற கடைசி மரியாதை, அவன் செத்த நேரத்த சரியா சொல்றதுதான்."

"ஆபீசரு உங்களுக்கு மேலதிகாரி. நாங்க பக்கத்து வூடு. ரெண்டும் ஒண்ணா சார்?"

கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "யூ ஆர் ஃபிட், போ" என்றார்.

அதற்குப் பிறகு தெருவில் எத்தனையோ சாவு. ஒவ்வொன்றுக்கும் அவரைக் கூப்பிடாமல் இருக்கப் பார்ப்போம்; அழுகைச் சத்தம் கேட்டு அவரே ஸ்டெதாஸ்கோப்போடு வந்து நிற்பார். முகூர்த்த மாசத்தில் வயசானவர்களுக்குக் கொஞ்சம் மூச்சிரைத்தாலும், முதலில் டாக்டர் வீட்டில் இருக்கிறாரா என்றுதான் எட்டிப் பார்ப்போம். "அப்பன்காரன் நாங்க சொல்லச் சொன்னப்ப சொன்னான், இவன் நாங்க வாணாம்னாலும் சொல்றான்" என்று எதிர்வீட்டுத் தறிக்காரர் வரதராஜன் ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தோம். டாக்டர் காதில் விழுந்திருக்கும். அவர் நடையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மேரியக்காவும் நானும் மட்டும் பின்பக்கச் சுவரோரம் நின்று பேசிக்கொள்வோம். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார்.

"அத்தைக்குத் தறி நிக்கல. போவட்டும். இவருக்கு நிக்கணும் புவனா. இத்தினி வருஷம் இந்தத் தெருவுல இருந்துட்டு, தறி ஓடற சத்தத்துல இவர பொட்டில வெச்சி மூட என்னால ஆவாது. நிக்குமா, சொல்லு?"

நான் என்னத்தைச் சொல்ல? எனக்குத் துக்கம் வந்தால் அது கோபமாகத்தான் வரும். "கல்லு மாதிரி இருக்கற மனுஷன வெச்சிக்கினு இன்னா பேச்சுக்கா இது" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து, வெகுநேரம் கரை நாடாவைத் தப்புத் தப்பாகத் தள்ளி வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

போன ஆடிக் கடைசியில் டாக்டர் தன் ஸ்டெதாஸ்கோப்பைத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டாராம். "அன்ஃபிட்" என்றாராம். பெங்களூரில் இருக்கிற மகள் சுகாசினி போனிலேயே அழுதும், ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம். வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அன்ஃபிட் பட்டம் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

ஆவணி பிறந்தது. தெருவில் தறிக்குத் தறி முகூர்த்தம். எங்கள் தறியிலும் அந்த வாரக் கடைசிக் கல்யாணத்துக்கு ஒரு புடவை, முந்தி நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பின்சுவரின் மேல் மேரியக்காவின் முகம் தெரிந்தது.

"புவனா, போயிட்டாரு. நேரம் பாத்து வெச்சிருக்கேன். தெருவுல போயி சொல்லு."

அவர்கள் வீட்டுக்குள் ஓடினேன். முகச்சவரம் செய்து, தலை வாரி, விறைப்பாகத்தான் படுத்திருந்தார். அந்த மனுஷனோடு சண்டை போட்டே பழகின வாய் எனக்கு. அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அழுதேன், அவ்வளவுதான். மேரியக்கா அழவில்லை. "போ புவனா, போயி சொல்லு" என்று என்னைத் தள்ளிவிட்டார். அவர் காது தெருப்பக்கமே இருந்தது.

குமரகுருவிடம் சொன்னேன். "ஆவணி முகூர்த்தத்துலயா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளையார் கோயில் வாசலில் நாலு பேர் கூடினார்கள். வரதராஜன்தான் ஆரம்பித்தார்.

"இதுல பேச இன்னா இருக்குது? அவங்களுக்கு வேற சாமி, வேற சாங்கியம். அவங்கம்மாவுக்கு ஓட்டின மாதிரி ஓட்டுங்கபா. நல்லதா ஒரு மாலை வாங்கிப் போட்டுடலாம்."

எல்லாத் தலையும் ஆடியது. ஏன் ஆடாது? தறியும் ஓடும், புடவைக்கும் பழுதில்லை, மாலையும் போட்டாயிற்று. எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"ஏன்ணே, உம் பொண்ணுக்கு வலி வந்து ஆட்டோ கெடைக்காம நின்னப்ப எந்தக் கதவ தட்டின? அப்ப அவரு இன்னா சாமின்னு கேட்டுட்டா தட்டின?"

வரதராஜன் பிள்ளையாரைப் பார்த்தார். குமரகுரு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். டாக்டர்மேல் தெருவிலேயே அதிகக் கோபம் இவருக்குத்தான், தறியில் அவசரப் புடவையும் இவருக்குத்தான். இவர் ஒரு வார்த்தை, ஓட்டலாம் என்று சொன்னால் போதும், அதோடு முடிந்தது. நான் இவரை முறைத்த முறைப்பில் இவர் பொசுங்கியிருக்க வேண்டும்.

இவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "எங்கப்பாவ பாத்து போயிட்டாருன்னு சொன்ன மனுஷன். அவர் சொன்னாருன்னுதானே தெரு நின்னுச்சு? அவருக்கே நிக்கலன்னா, எங்கப்பாவுக்கு நின்னதும் பொய்யில்ல?"

குமரகுரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. யார் யார் தறில முகூர்த்தம் இருக்குது?"

எங்கள் வீட்டுச் சாவுகளுக்கு மட்டும் கேட்கிற கேள்வி அது. அந்நியன் செத்தால் புடவைக்குத் தீட்டே கிடையாது. பிறகு எதற்கு அந்த விசாரணை? வரதராஜன் தன் தறியில் இன்னும் நாலு விரல் என்றார். இன்னொருவர் ஒரு சாண் என்றார். என் வீட்டுக்காரர், "எங்களுதுதான் அதிகம். மதியம் ஆயிடும்" என்றார்.

"அப்ப மதியம் வரிக்கும் டாக்டர் இருக்காரு" என்றார் குமரகுரு. "அறுத்தப்புறம் சொல்லிக்கலாம். யாரும் வாய தொறக்கக் கூடாது."

சிரிப்பதா அழுவதா என்றே எனக்குத் தெரியவில்லை. செத்த நேரத்தை ஒரு நிமிஷம் மாற்றிச் சொல்லாத மனிதர். அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளத் தெருவுக்குத் தெரிந்த ஒரே வழி, அவர் சாவில் பொய் சொல்வது.

எல்லோரும் தறிக்கு ஓடினார்கள். தெருவே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். தீபாவளி நெருக்கத்தில்கூட அப்படி ஓட்டி நான் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தச் சத்தத்தை மேரியக்கா கேட்டுக்கொண்டிருப்பார் என்று. போட்டது போட்டபடி ஓடினேன்.

அவர் டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். முகம் கல்லாகியிருந்தது.

"நிக்கல, இல்ல? இன்னும் வேகமா ஓட்றாங்க."

"நிக்கப் போவுதுக்கா. உங்களுக்காகத்தான் இவ்ளோ வேகமா ஓட்றாங்க." அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மதியம்வரை போதகருக்குச் சொல்லக் கூடாது, சர்ச் மணி அடிக்கக் கூடாது, வாய்விட்டு அழக்கூடக் கூடாது. சொல்லச் சொல்ல எனக்கே நாக்குக் கூசியது. அறைவார் என்றுதான் நினைத்தேன்.

"செத்தவர உயிரோட இருக்காருன்னு சொல்லணுமா? அதுவும் இவர?" மேரியக்கா டாக்டர் முகத்தைப் பார்த்தார். "எழுந்தாருன்னா உங்க எல்லாரையும் வெயில்ல லைனா நிக்க வெச்சிடுவாரு."

"ஆமாங்க்கா."

"வேத்தாள்னு நெனச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க?"

"ஒரு மாலை. அவ்ளோதான்."

மேரியக்கா கையிலிருந்த செல்போனைத் தலையணைக்கு அடியில் செருகினார். "போ, போயி கரைய பாரு. உம் புருஷன் ஒத்தையில இன்னா பண்ணுவான்" என்றார்.

வாசலுக்கு வந்தால், முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து சுபேதார் வேல்முருகன், முழு யூனிஃபார்மில், கையில் பெரிய மலர் வளையத்தோடு நிற்கிறார். மேரியக்கா காலையிலேயே சொல்லி, சுகாசினி பெங்களூரிலிருந்து கிளம்பும்போதே அவருக்குப் போன் பண்ணியிருக்கிறாள். மேரியக்கா என்னை விலக்கிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தார்.

"சார் தூங்கறாரு."

சுபேதார் மலர் வளையத்தைப் பார்த்தார். மேரியக்காவைப் பார்த்தார். "மேடம், பாப்பா போன்ல..."

"அவ பெங்களூர்ல இருக்கா. நான் பக்கத்துல இருக்கேன். சாப்பாட்டுக்கப்புறம் வாங்க."

பட்டாளத்துக்காரர் இல்லையா, உத்தரவு என்றால் உத்தரவுதான். ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். தெருமுனை டீக்கடை பெஞ்சில் மலர் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். யாருக்குங்க என்று கடைக்காரர் கேட்டதற்கு, "யாருக்கும் இல்ல. கர்னல் சாப் ரெஸ்ட்ல இருக்காரு" என்றாராம்.

வெயில் ஏற ஏற ஒவ்வொரு தறியாக நின்றது. முதலில் வரதராஜனுடையது. கடைசியில் எங்களுடையது மட்டும் ஓடியது. என் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் நனைந்து, முந்தியை முடித்து, அறுத்து, மடித்து உள்ளே வைத்தார். பிறகு சத்தமே இல்லை. இரட்டை மண்டபத்துப் பக்கம் பஸ் ஹாரன் அடிப்பதுகூடக் கேட்டது. நான் பிறந்து வளர்ந்ததும் தறிச்சத்தத்தில், வாழ்க்கைப்பட்டதும் தறிச்சத்தத்தில். அந்த அமைதி என் காதை அடைத்தது.

மேரியக்கா வாசலுக்கு வந்து நின்றார். "நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுக்கா."

அப்போதுதான் அழுதார். "ஏங்க, கேட்டீங்களா? உங்களுக்கு நின்னுடுச்சுங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தி, தெருவே கேட்க, நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதார். இனி அழலாம்.

சர்ச்சில் மணி அடித்தது. அந்த வீட்டுப் படியை அதுவரை ஏறாதவர்கள் எல்லாம் ஏறினார்கள். சுபேதார் சாப்பாட்டுக்கப்புறம் வந்து வளையத்தை வைத்தார். சுகாசினி இன்னும் வழியில்தான் இருந்தாள். போதகர் வந்தார், சர்ச்சுக்குப் புதியவர், எங்கள் தெரு வழக்கமெல்லாம் தெரியாதவர். ஜெபம் பண்ணிவிட்டு, சபையில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டார்.

"ஐயா எத்தனை மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்?"

காலையில் என்று மேரியக்கா சொன்னால் தெருவில் அறுத்த அத்தனை புடவைக்கும் தீட்டு. நாளைக்கே ஊர் முழுக்கப் பேசும். சொல்லக் கூடாது என்று கேட்க எங்களுக்கு வாயும் கிடையாது. எதிரில் படுத்திருப்பவர் யார்? மேரியக்கா அவரையே பார்த்தார். குனிந்து, "மன்னிச்சிக்கங்க" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"மதியம்தான் ஐயா. புவனா வூட்டு முந்தி முடியற வரிக்கும் இருந்தாரு."

போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கடைசி நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?" என்றார்.

குமரகுரு துண்டைத் திருகினார். வரதராஜன் சுவரைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். அப்பா செத்த நாளிலிருந்து அந்தப் படியை மிதிக்காதவர், கழுத்தெல்லாம் வேர்வையும் ஜரிகைத் துணுக்குமாக வந்து டாக்டர் காலருகில் நின்றார்.

"நான் இருந்தேங்க. நான்தான் வாயில பால் ஊத்தினேன்."

எங்களில் போகிற உயிருக்குப் பால் ஊற்றுவது பெற்ற பிள்ளை. போதகர் முகம் சுளித்தது. அவர்கள் சபையில் அந்தச் சடங்கெல்லாம் ஆகாது. அம்மா, இது உண்மைதானா என்று மேரியக்காவிடம் திரும்பினார்.

"ஆமாங்க ஐயா" என்றார் மேரியக்கா. "ஊத்தினாரு. அவரும் குடிச்சாரு."